கடைசி வரியை நம்பி வந்த கூட்டம்

அளவற்ற அருளாளன் பெயரால்.

நம் வாரப் பத்திரிகையில் 'சாப்பாட்டுப் பிரியர்களுக்கு' பகுதியை எழுதும் மரியாதைக்குரிய ஜவாத் அவர்களுக்கு, மெக்னெஸ் பழைய நகரத்திலிருந்து பத்தூல் எழுதிக்கொள்வது. உங்களுக்கும் உங்கள் அடுப்புக்கும் இறைவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். இங்கே நானும் என் கணவர் முஃபத்தலும் நலம். எங்கள் வீட்டு வாசற்படிதான் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

நஸீஹா அம்மையார் தன் சமையல் புத்தகத்தைக் கலாச்சார மண்டபத்தில் வாசிக்கப்போவது என்றைக்கு என்று கேட்டுப் போன மாதம் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல, பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். கடிதத்தை மரியாதையாக முடிக்க வேண்டுமே என்று, 'எங்கள் வீடு உங்கள் வீடு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூஸ்கூஸ் சாப்பிட வாருங்கள், நண்பர்களையும் அழைத்து வாருங்கள்' என்று எழுதினேன். இந்த ஊரில் யார்தான் அப்படிச் சொல்வதில்லை? தையல்காரரிடம் சொல்கிறோம், பல் பிடுங்கியவரிடம்கூடச் சொல்கிறோம், அவர்களும் 'இன்ஷா அல்லாஹ்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மரியாதையாக வராமல் இருக்கிறார்கள். நீங்களோ, 'வெள்ளி மதியம், பத்தூல் வீட்டுக் கூஸ்கூஸ், அனைவரும் வருக, அனுமதி இலவசம்' என்று அந்த அம்மையாரின் வாசிப்பு அறிவிப்புக்கு மேலேயே முகவரியோடு போட்டுவிட்டீர்கள். அந்த வாரப் பத்திரிகையை முஃபத்தல் முடிவெட்டும் கடையில் மறந்துவிட்டு வந்ததால் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸுக்குக் கோதுமை ரவையை இரண்டு முறை ஆவியில் வைத்து இறக்கி, உதிர்த்து, மூன்றாம் முறை ஏற்றியிருந்தேன். கொத்தமல்லி ஒரு கொத்து கூடினாலும் கணக்கு எழுதுகிறவள் நான். அன்றைக்கு அளந்தது வீட்டு ஆட்களுக்கு மட்டும். கதவு தட்டப்பட்டது.

"யாரு வேணும்?" என்றார் முஃபத்தல்.

"கூஸ்கூஸ் நிகழ்ச்சி இங்கதானே?"

"நிகழ்ச்சியா? இங்க என் பொண்டாட்டிதான் இருக்கா தம்பி."

"அப்ப சரியான இடம்தான்."

அந்தத் தம்பி சொந்தமாகக் கரண்டி கொண்டுவந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சந்து முழுக்கத் தலைகள். முஃபத்தல் சமையலறைக்கு ஓடிவந்தார்.

"பத்தூல், வாசல்ல ஒரு ஊரே நிக்குது. என்ன பண்ணித் தொலைச்ச?"

"உள்ள கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமை வந்தவங்கள வாசல்லயா நிக்க வைப்பாங்க?"

"சட்டியில என்ன இருக்கு?"

"அல்லாஹ்வோட பரக்கத் இருக்கு."

"அது எத்தனை தட்டுக்கு வரும்?"

ஒருத்தர் பசியோடு திரும்பினாலும் சந்து முழுக்க என் பேர் நாறிவிடும். நாற வைப்பதற்கென்றே எதிர்வீட்டு ஜன்னலில் என் ஓரகத்தி ஸுஹூர் நின்றுகொண்டிருந்தாள். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் என் சட்டி எப்போது காலியாகும் என்று காத்திருப்பவள் அவள்.

"என்ன பத்தூல், வீட்டுல விசேஷமா? ஒரு வார்த்தை சொல்லல?"

மனதுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். "இப்ப சொல்றேன், வா. கைய வீசிக்கிட்டு வராத, சட்டியோட வா."

வெள்ளிக்கிழமை எந்த வீட்டில்தான் கூஸ்கூஸ் இல்லை? அவள் சட்டி வந்தது, அதைப் பார்த்து அடுத்த வீட்டுச் சட்டி வந்தது, பிறகு மொட்டைமாடி வழியாகவே கைமாற்றிக் கைமாற்றி வந்தன, மோர்ப் பானை ஒன்று படியில் உருண்டு முஃபத்தலைக் குளிப்பாட்டியது, வந்தவர்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அக்கா தங்கை என்று உறவு கொண்டாடினார்கள். அதே மதியம் மண்டபத்தில் வாசிக்க வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துச் சலித்த நஸீஹா அம்மையாரும் புத்தகக் கட்டோடும் பசியோடும் தேடிவந்துவிட்டார். சாப்பிட்டுக் கைகழுவி, கூஸ்கூஸ் பக்கத்தைத் திறந்து வாசித்தார். பூசணியை எப்போது போடுவது என்ற இடத்தில் வாசிப்பு சண்டையாயிற்று. யார் சொல்வது சரி என்று பார்க்க ஆளுக்கொன்று வாங்கியதில் புத்தகம் அத்தனையும் விற்றுப்போயிற்று. ஒருவரும் பசியோடு போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் போகும்போது அந்தக் கரண்டித் தம்பி என்னிடம் சொன்னான்: "அக்கா, உங்க கைக்கு அல்லாஹ் சுகம் தரட்டும். வெங்காயமும் திராட்சையும் தேன்ல வதக்கி மேல போட்டீங்களே, அத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அது ஸுஹூரின் சட்டி. அவள் என் பின்னாலேயே நின்றாள். "சாப்பிட்டவங்களுக்குத் தெரியுது" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே ஐயா, பத்தூல் வீட்டில் நிகழ்ச்சி எதுவும் கிடையாது, இனிமேலும் நடக்காது என்று வரும் இதழிலேயே மறுப்புப் போட வேண்டும். என் அடுப்புக்கு ஓய்வும் என் கணவருக்கு நிம்மதியும் உங்கள் புண்ணியத்தில் கிடைக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் சலாம், குழந்தைகளுக்கு என் துஆ. கடைசி வரியில் வழக்கமாக எழுதுவதை இந்த முறை எழுதவில்லை.

இப்படிக்கு,
பத்தூல்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ஸுஹூர் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அடுத்த வெள்ளியும் கூட்டம் வருமா பத்தூல்? என் சட்டியத் தயாரா வைக்கவா?" என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை. அதனால் மறுப்புப் போடாதீர்கள். பழைய அறிவிப்பையே பெரிய எழுத்தில் போட்டு, 'வெங்காயமும் திராட்சையும் பத்தூலே வதக்கியது' என்று சேருங்கள். எங்களுடையது பச்சைக் கதவு. எதிர்க்கதவைத் தட்ட வேண்டாம் என்றும் போடுங்கள். நீங்களும் வாருங்கள், நண்பர்களையும் அழைத்து வாருங்கள். இந்த முறை நிஜமாகவே கூப்பிடுகிறேன்.