மென்டேஷஸ் மாப்பிள்ளை

பதுளை
14.03.1976

கண்ணியமிக்க மச்சான் இத்ரூஸ் அவர்களுக்கு ஸலீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு மழைக்கும் குறைவில்லை, சுகத்துக்கும் குறைவில்லை. அங்கும் அவ்விதமே இருக்க அல்லாஹ் அருள்வானாக.

நிற்க. என் மகள், உங்கள் மருமகள் றமீலாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை ஜௌபர், ரேடியோ திருத்துபவர் என்பது தாங்கள் அறிந்ததே. பெண் பார்க்க வந்த அன்று, நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்த இங்கிலிஷ் சர்டிபிகேட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதில் ‘மென்டேஷஸ்’ என்று ஒரு சொல். மென்ட் என்றால் திருத்துவது, ஆகவே மென்டேஷஸ் என்றால் மகா திருத்தக்காரன் என்று நானே அர்த்தம் பண்ணி, புடவைக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். நேற்று சட்டைத்துணி எடுக்க வந்த ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டருக்கும் காட்டினேன். யாழ்ப்பாணத்து மனுஷன், இங்கிலிஷ் படிப்பிக்கிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “முதலாளி, பொய்யன் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!” எண்டார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேணும். “நீங்கள் நினைச்சதும் முழுப்பிழை இல்லை. லத்தீனிலை ‘மெண்டா’ எண்டால் பிழை. பிழையைத் திருத்தினால் மென்ட், பிழையாய்க் கதைச்சால் மென்டேஷஸ். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள் எண்டுதான் படிச்சவை சொல்லினம்” எண்டு ஆறுதல் சொல்லி, துணியும் எடுக்காமல் போயிட்டார்.

நான் குடையும் எடுக்காமல் நேரே ஜௌபர்ட கடைக்குப் போனேன். “துரைட்ட என்ன பொய் சொன்னீங்க?” எண்டு கேட்டேன். “ரேடியோவுக்கு வால்வு கொழும்பிலேருந்து வரல்ல, மாமா. அஞ்சு மாசமா ‘நாளைக்குத் தாரேன், துரை’ எண்டு சொன்னது உண்மைதான். ஆனா எனக்கு இங்கிலிஷ் எங்க தெரியும்? நல்லதாத்தான் எழுதியிருப்பார் எண்டு நினைச்சேன்” எண்டு தலையைக் குனிஞ்சிட்டார். இந்தச் சம்பந்தம் வேணாம் எண்டு வீட்டில வந்து சொன்னேன். றமீலா அழுவாள் எண்டு பார்த்தா, ஆறுதலா, “வாப்பா, தன்னைப் பொய்யன் எண்டு எழுதின கடதாசியைத் தானே கொண்டுவந்து தந்தவர்ட மனசு எவ்வளவு வெள்ளை!” எண்டாள். யோசிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் பட்டுது.

ஆகவே நிக்காஹ் குறித்தபடியே நடக்கும். தாங்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் முந்தியே வந்துவிடவும். தங்கச்சி ஸுபைராவுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
ஸலீம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் ஜௌபர் வந்தார். புடவை சுத்த வைத்திருந்த பழைய இங்கிலிஷ் பேப்பரை எடுத்து, ஓரிடமும் தடக்காமல் வாசித்து, எனக்குத் தமிழிலும் விளக்கினார். பிறகுதான் நாக்கைக் கடித்தார். “அந்தச் சொல்லு இந்தக் கடைத்தெருவில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சேன், மாமா. துரைட கையெழுத்து வேற வடிவா இருந்திச்சு” எண்டார். நான் றமீலாவிடம் சொல்லவில்லை. “இன்னும் என்ன வாப்பா எழுதுறீங்க?” எண்டு உள்ளேயிருந்து கேட்கிறாள். மாமாவுக்கு பஸ் நேரம் எழுதுறேன் எண்டு சொல்லியிருக்கிறேன்.