சீட்டு எழுதாதவன்

ஈரி, பென்சில்வேனியா
நவம்பர் 14, வியாழன்

அன்புள்ள அக்கா ஆர்லீனுக்கு,

தம்பி டுவேன் எழுதுவது. நானும் லொரெய்னும் இங்கே நலம். ஏரிப் பக்கமிருந்து பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, அது தவிர ஒரு குறையும் இல்லை என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம், ஆகவே எழுதிவிட்டேன். நீயும் கஸ் அத்தானும் டூசான் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானுடைய ஏசி கம்பெனியில் எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகவும், வருகிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வரவில்லை. காரணம் சொல்லாமல் விட்டால் லொரெய்ன் தடுத்துவிட்டாள், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுவிட்டான் என்று நினைப்பாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

கிரெல்மன் மளிகைக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது உனக்குத் தெரியும். கடைகளின் குளிர் அறை, கதவு, விளக்கு, குழாய் எல்லாம் பார்க்க நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். போன மாதம் எட்டாம் தேதி ஒன்பது பேரையும் ஒரே போனில் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்து அம்மாள் ஒருத்தி எழுதி வைத்ததை வாசித்தாள். "கடினமான முடிவு, முடிவு, முடிவு" என்று ஒரே எதிரொலி. சரியாக ஓடாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

"அம்மா, உங்க பக்கத்துல ரெண்டு போன் திறந்திருக்கு. ஸ்பீக்கர்ல இருக்கிறதை அணைங்க" என்றேன்.

"எதை?"

"சிவப்புப் பொத்தான் இல்ல. அதுக்கு இடது பக்கம்."

அணைத்தாள். எட்டுப் பேருக்கு இனி வேலை இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. "ரொம்ப நன்றிங்க, பேசினது யாரு?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். வேலை போனவர்கள் பட்டியலில் இரண்டாவது பெயர் அதுதான்.

மிஞ்சிய ஒரே ஆள் ராட்னி. உனக்கு நினைவிருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு மீன் சாப்பிட வந்து, நாற்காலி ஆடுகிறது என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே சாப்பிட்டவன். எங்களிடம் ஒரு முறை உண்டு அக்கா. எது கெட்டாலும் கடை மேலாளர் கணினியில் ஒரு பழுதுச் சீட்டுப் போட வேண்டும், அது எங்களுக்கு வரும், நாங்கள் போய்ச் சரிசெய்து சீட்டை மூட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் அதற்குக் காத்திருந்ததே இல்லை. உள்ளே நுழையும்போதே கதவு முனகினால் எண்ணெய் விடுவேன், குளிர் அறை மோட்டார் சத்தம் மாறினால் பெல்ட்டை மாற்றுவேன், சீட்டுக்கு உட்கார்ந்தால் அடுத்த கடைக்கு நேரமாகிவிடும். ராட்னிக்கு ஒரு விளக்கு அணைந்தால் நாலு சீட்டு: பார்த்ததற்கு ஒன்று, விளக்கு கேட்டதற்கு ஒன்று, ஏணி கேட்டதற்கு ஒன்று, மாட்டியதற்கு ஒன்று. ஆக, மேலே இருப்பவர்கள் பார்த்த தாளில் ராட்னியின் கடைகளில் வருடத்துக்கு அறுநூறு பழுது, என் பதினான்கு கடைகளில் ஏழு. அந்த ஏழும் நான் விடுமுறையில் இருந்தபோது போட்டவை. 'இங்கே ஆள் தேவையில்லை' என்று எழுதி, சீட்டே எழுதாதவனுடைய சீட்டைக் கிழித்துவிட்டார்கள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் அழுதேன்.

என் கடைகளை ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஏரிக்கரைக் கடையில் குளிர் அறை நின்றுபோய், நாலாம் நாள் ஒருவன் வந்தானாம். நின்று பார்த்தான், படம் எடுத்தான், "நான் கதவு பார்க்கிற ஆளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குள் ஐஸ்கிரீம் எல்லாம் சூப் ஆகிவிட்டது. அந்தக் கடை மேலாளர் மேபல் டிக்கர்சன் என்னைக் கூப்பிட்டாள்.

"டுவேன், இந்தக் கடையில இத்தனை சாமான் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு நீங்க போனப்புறம்தான் தெரியுது."

"சீட்டுப் போடுங்க மேபல்."

"போடத்தான் போறோம். பதினாலு கடையும் பேசி வெச்சாச்சு. கதவு முனகினா சீட்டு, குழாய் சொட்டினா சீட்டு. போன வருஷம் நீங்க சரிபண்ணினதையும் சேர்த்துப் போடுறோம்."

"அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

பதினோரு நாளில் தொள்ளாயிரத்து மூன்று சீட்டு. தலைமை அலுவலகம் ஆடிப்போய்விட்டது. எங்கள் வட்டாரத்துக்குத்தான் அவசரத் தேவை, திங்கள் முதல் சொந்த ஆள் ஒருவர் முழுநேரம் இருப்பார் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஆள் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

ஆகவே அத்தானிடம் பக்குவமாகச் சொல். அவர் பெரிய மனது உள்ளவர். ஆனால் தன் கம்பெனியில் ஒரு திருகாணியும் தாளில் எழுதாமல் நகராது என்று என்னிடம் இரண்டு தடவை பெருமையடித்துவிட்டார், அது என் உடம்புக்கு ஒத்துவராது. போன கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வந்தபோது அவர் வீட்டு ஏசியையே நான்தான் ரகசியமாகச் சரிசெய்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

உன் பிள்ளைகள் இருவருக்கும் என் முத்தங்கள். தேவமாதா உங்கள் வீட்டுக்குத் துணையிருப்பாளாக.

என்றும் உன் தம்பி,
டுவேன் பிருசாக்

பி.கு.: சனிக்கிழமை. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வேலை ராட்னிக்குப் போய்விட்டது. தொள்ளாயிரம் பழுது உள்ள இடத்துக்கு, வருடத்துக்கு ஏழு பழுது பார்த்தவனை அனுப்ப முடியாதாம், அனுபவசாலி வேண்டுமாம். மேபல் போனிலேயே அழுதுவிட்டாள், நான்தான் தேற்றினேன். இன்று காலையில் ராட்னி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, அந்த ஏரிக்கரைக் கடையில குளிர் ரூம் மோட்டார் எந்தப் பக்கம்ணே இருக்கு?" என்றான். கூடவே போய்க் காட்டினேன், பெல்ட்டையும் மாட்டிக் கொடுத்தேன். அதற்கு அவன் மூன்று சீட்டுப் போட்டுக்கொண்டான். அக்கா, ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த இடம் இன்னும் காலியா என்று அத்தானிடம் கேள். திருகாணிக்கு ஒன்று, திருகியதற்கு ஒன்று என்று எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எழுதுகிறேன். வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை. மேலே உள்ளதை நீ வைத்துக்கொண்டு, இந்தத் துண்டை மட்டும் கிழித்து அவரிடம் கொடு.