இரண்டு அடைக்கலம், ஒரு தார்ப்பாய்

பெற்ற தகப்பனைக் கணினியிலிருந்து அழித்தவள் என்ற பெயர் எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் உண்டு. முழுதாக அழிக்கவில்லை, பாதிதான் என்று நான் சொல்லும் விளக்கத்தை இதுவரை யாரும் காதில் வாங்கவில்லை.

கணினி அறிவியல் முடித்ததும், பட்டதாரிகளுக்கு அரசு நடத்தும் டேட்டா பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தேன். சில மாதம் வகுப்பு, பிறகு ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலைப் பயிற்சி. அங்குள்ள அதிகாரி நல்லபடியாக எழுதிக்கொடுத்தால் ஒப்பந்த வேலை. அரிமளம் பக்கம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு வேளாண் அலுவலகம் கிடைத்தது. விவசாயிகள் பட்டியலைச் சுத்தம் செய்கிற வேலை என்று அப்பாவிடம் சொன்னேன்.

"கூட்டிப் பெருக்கவா ஆத்தா இம்புட்டுப் படிச்ச?" என்றார்.

முதல் வேலை, தார்ப்பாய்ப் பட்டியல். நிலக்கடலை காய வைக்க ஆளுக்கு ஒரு தார்ப்பாய் மானியத்தில் கொடுக்கிறார்கள். பல வருடப் பதிவுகள் ஒன்றாகச் சேர்ந்ததில் ஒரே ஆள் பல தடவை வந்திருந்தார். நான் ஒரு விதி எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். ஆதார் எண் பழைய பதிவிலிருந்து, போன் நம்பர் புதிய பதிவிலிருந்து. நிரலை ஓட விட்டேன். பட்டியல் மளமளவென்று இளைத்தது. அதிகாரி மேடம் பாராட்டினார். (அன்றைக்கு டீக்கடையில் எனக்கு நானே ஒரு வடை அதிகமாக வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.)

நான் மறந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்.

அடைக்கலம் காத்த ஐயனார் பெயரை வைக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. தெருவில் நின்று 'அடைக்கலம்' என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். என் தாத்தா கருப்பையா, வேண்டிக்கொண்டபடி மூத்த மகனுக்கு அடைக்கலம் என்று பெயர் வைத்தார். இளையவர் பிறந்தபோது, சாமிக்குக் குறை வைக்கக் கூடாதென்று அவருக்கும் அதையே வைத்தார். ஊரில் அவர்கள் பெரியவர், சின்னவர். ஆதாரில் இருவருமே அடைக்கலம். சின்னவர்தான் என் அப்பா. (இது ஒனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து அப்பா என்றே கூப்பிட்டவளுக்கு, அட்டவணையில் 'அடைக்கலம்' என்று பார்த்தால் அப்பா முகமா ஞாபகம் வரும்?)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுக் கிணற்றில் யார் முறைக்கு மோட்டார் போடுவது என்ற தகராறில், நான் பள்ளியில் படித்த காலத்திலேயே அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

தார்ப்பாய் கொடுக்கும் நாள் வந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. பறித்த கடலையெல்லாம் களத்தில் காய்ந்துகொண்டிருந்ததால், மழைக்கு முன்னால் பாயோடு வந்து சேரச் சொல்லி அம்மா அப்பாவை விரட்டியிருந்தார். நான் லேப்டாப்புடன் மேடம் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். கருவியில் விரல் வைக்க வேண்டும். போனுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னால் பாய்.

பாய் வாங்க வரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்ததென்று அப்பா முதல் ஆளாக நின்றார். விரல் வைத்தார். கருவி ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. மேடம் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்.

அடுத்து பெரியப்பா. செய்தி வராவிட்டாலும் கேள்விப்பட்டு வந்திருந்தார். விரல் வைத்ததும் பச்சை விளக்கு. மேடம் நம்பரைக் கேட்டார். தனக்கு ஒன்றும் வரவில்லை என்றார் பெரியப்பா.

அப்பாவின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

லேப்டாப்பில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். அண்ணன் விரல், தம்பி போன். இருவரையும் சேர்த்து ஒரே மனிதராகச் செய்து வைத்திருந்தேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அந்த ஆளுகிட்ட அந்த நம்பரக் கேட்டுச் சொல்லு."

"வெரல் வச்சவர வெரலோட போகச் சொல்லு ஆத்தா. நம்பரு என்னோடது."

"வெறும் நம்பர வச்சுக் கடலைய மூடிருவாரான்னு கேளு."

இதற்குள் ஓடிபி காலாவதியானது. இன்னொன்று அனுப்பினேன். தூரத்தில் இடி இடித்தது. மேடம் என்ன நடக்கிறதென்று கேட்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நிதானமான குரலில் பதில் சொன்னேன்.

"மேடம், இவங்க ரெண்டு பேரையும் நான் ஒரே ஆளாக்கிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. "அவரோடயா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அதுக்கு என்னைய எடுத்தே விட்டுருக்கலாமே ஆத்தா" என்றார்.

வரிசையில் சலசலப்பு. மற்ற அடைக்கலங்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்து, "நான் யாரு கூடம்மா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பட்டியலைத் திருத்திய பிறகுதான் மற்ற பாய்கள், இந்தப் பதிவுக்கு இப்போதைக்கு ஒன்றுதான் என்று மேடம் சொல்லிவிட்டார். முதல் தூறல் விழுந்தது. அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சுவரிடம் ஓடிபியைச் சொன்னார். பெரியப்பா பாயைத் தூக்கினார். இருவரும் ஆளுக்கொரு வண்டியில் ஒரே திசையில் பறந்தார்கள்.

மீதியை அம்மா சொல்லித்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்துக் களம். இரண்டு கடலைக் குவியலையும் மூட, பாயின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்களாம். "அங்கிட்டு இழுக்கச் சொல்லு", "இங்கிட்டு விடச் சொல்லு" என்று இருவரும் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார்கள். கடலை தப்பியது.

நானும் தப்பினேன். ஒவ்வோர் அடைக்கலத்தின் வீட்டுக்கும் நேரில் போய், யார் எவர் என்று கேட்டுப் பிரித்த பிறகுதான் மேடம் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்த வேலையும் கிடைத்தது. ஆனால் அலுவலகப் பட்டியலில் பிரிந்தவர்கள் ஊர் வாயில் பிரியவே இல்லை.

அடுத்த ஆவணியில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை ஆள் மூலமாகத்தான் வந்தது. அப்பா என்ன நினைத்தாரோ, போனார். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல், எழுதுகிறவரிடம் அப்பா சொன்னார்:

"நான் கருப்பையா மகன் அடைக்கலம். கல்யாண வீட்டுக்காரரும் அதேதான். எனக்கு நானே மொய் வைக்கிறது மொறையான்னு எம்மகளக் கேட்டுட்டு எழுதுங்க."

பெரியப்பாவும் எழுதுகிறவரிடமே பதில் சொன்னார்:

"நான் இப்பத்தான் சாப்ட்டு வந்தேன். அப்ப அவருக்கும் வயிறு நெறஞ்சிருக்கும். எலை போட வேணாம்னு பந்தியில சொல்லிருங்க."

மண்டபமே சிரித்தது. அப்பா மொய்யும் வைத்தார், இரண்டு தடவை பாயசமும் வாங்கிச் சாப்பிட்டார். இருவரும் இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் எந்த விசேஷத்திலும் அப்பா பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் இலைக்கு முன்னால் வாளியோடு நின்று என் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: "பாப்பா, இவரு ஏற்கெனவே சாப்ட்டாரா?"