டவாலி கேட்ட வாய்தா

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே, மல்லாந்து படுத்தபடி ஒரு ஆஸ்பத்திரியை நிர்வாகம் செய்த ஒரே மனிதர் டவாலிதான். பெரிய டாக்டர் சுற்றி வருவது காலையில் ஒரு மணி நேரம். டவாலியின் நிர்வாகம் நாள் முழுக்க.

ஐம்பதுகளில் நான் அங்கே நர்ஸ் படிப்பில் முதல் வருஷம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கோர்ட்டுக்கு நடக்கிற தூரம். அந்தக் கோர்ட்டில் வழக்காளிகளின் பெயரை மூன்று தரம் கூவி அழைக்கும் டவாலி சேவகர், படியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். காலில் கயிறு கட்டி, கப்பியில் மணல் மூட்டை தொங்கவிட்டு, மூன்று மாதம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அவர் கண்ணுக்கு நேரே எதிர்ச்சுவரில்தான் வார்டு சிஸ்டர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். பயிற்சி மாணவிகள் என்னென்ன செய்யலாம், எதெதைச் செய்யக்கூடாது என்று இருபது விதிகள். நாங்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். டவாலிக்குப் பொழுது போகாததால் நான்கே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டார். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

எங்களை அவர் சிஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. "நீ இன்னும் சிஸ்டர் ஆவல. மொத வருசம், அந்தக் கஞ்சிய இப்டி எடுத்தா" என்பார். ஒரு கிழவர் தனக்கு என்ன வியாதி என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டவாலி குறுக்கே விழுந்து, வியாதியைச் சொல்வது டாக்டர் வேலை, மாணவி சொன்னால் அஞ்சாவது விதிப்படி குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கஞ்சி ஊற்றுவதானாலும் ஒவ்வொருவர் பெயரையும் மூன்று தரம் அழைத்து, ஆள் பதில் சொன்ன பிறகுதான் ஊற்றவேண்டும். கடைசிக் கட்டிலுக்குப் போவதற்குள் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

ஜுரம் தெளிந்து வீட்டுக்குப் போன மாமல்லபுரத்து மீன்காரர் ஒருவர், நன்றி சொல்ல ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மாணவிகள் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது பதினோராவது விதி. டவாலி உடனே அதைக் கோர்ட்டு வழக்கப்படி சான்றுப் பொருளாகக் கைப்பற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைக்கச் செய்தார். சிஸ்டர் லீவில் இருந்தார். அவர் வந்து பார்வையிடும்வரை சான்றைக் கலைக்கக்கூடாது என்று டவாலி ஒரே பிடி. மூன்று நாள் வார்டு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஊரிலுள்ள பூனைகள் மட்டும் எங்களை மிகவும் மதித்தன.

எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு எரிச்சல். ஏற்கெனவே என் பாடு திண்டாட்டம். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, வாத்தியாரான அப்பா ஒருவர்தான் தனியாக நின்று என்னை இங்கே சேர்த்தார். ஏதாவது புகாரில் பெட்டியோடு திரும்பினால், வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை சிஸ்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். சின்ன டாக்டர் அவசரமாக வந்தார். இன்சுலின் நிரப்பிய ஊசியை என் கையில் திணித்து, பத்தாம் நம்பர் கட்டிலுக்குப் போடச் சொன்னார். சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் முதல் வருஷக்காரி ஊசியைத் தொடவே கூடாது. அதைச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊசியோடு நடந்தேன்.

"மொத வருசம், அங்கயே நில்லு," என்றார் டவாலி. "எட்டாவது விதி."

நான் நடுவழியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். டாக்டர் அவரைச் சும்மா கிடக்கச் சொன்னார்.

"சரி நைனா, நான் சொம்மா கீறேன். ஆளு யாருன்னாச்சும் கூப்ட்டுப் பாக்க வேணாமா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் கூரையைப் பார்த்துப் பத்தாம் கட்டில்காரர் பெயரைக் கூவத் தொடங்கிவிட்டார். "கருங்குழி நாகப்பன்... கருங்குழி நாகப்பன்... கருங்குழி நாகப்பன்..."

மூன்றாவது கூவலுக்குப் பதில் வந்தது, வார்டின் மறுகோடியில் பதினான்காம் கட்டிலிலிருந்து. "இன்னா நைனா, நான் இங்க கீறேன்."

பத்தாம் கட்டிலில் தலையோடு போர்த்திப் படுத்திருந்தவர் போர்வையை விலக்கினார். சதுரங்கப்பட்டினத்து ரஹீம் பாய். தொழுகைக்கு மேற்கு ஜன்னல் ஓரம் தோது என்று, விடியற்காலையில் நாகப்பனிடம் கேட்டுக் கட்டில் மாறியிருக்கிறார். குறிப்பு அட்டைகள் மாறவில்லை. பாய்க்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. அன்று ஆபரேஷன் என்பதால் முந்திய இரவிலிருந்து பட்டினி வேறு. அந்த ஊசி உள்ளே போயிருந்தால் மனிதர் பிழைத்திருக்கமாட்டார்.

சிஸ்டர் வந்தபோது ஊசி என் கையில்தான் இருந்தது. யார் கொடுத்த அனுமதி என்று கேட்டார். சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். போச்சு, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். சிஸ்டர் சாட்சி கேட்டது டவாலியை.

"எடுத்தது நெசம், போடல," என்றார் அவர். "முடியாதுன்னு சொல்ல அதுக்கு வாய் வரல. அது தப்புதான். ஆனா அது ஒண்டியா தப்பு பண்ணல. விதி தெரியாத புள்ளையா இருந்தா, நின்னு முழிச்சிருக்காது. நேரா போயி குத்தியிருக்கும்."

சிஸ்டர் ஊசியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு எனக்கு ஒரு மாதம் பெட்பேன் வேலை விதித்தார். சின்ன டாக்டரைத் தனியாக அழைத்துப்போனார். அன்று முதல் மருந்து கொடுக்குமுன் பெயர் சொல்லி அழைப்பது இருபத்தோராவது விதியாயிற்று. பெட்பேனுக்கும் அது பொருந்தும் என்று டவாலி என்னை வதைத்தது தனிக் கதை.

அடுத்த வருஷம் எனக்கு ஊசி போட அனுமதி கிடைத்த முதல் நாள். திருவிழாவுக்கு முன்னால் காலரா ஊசி. சிஸ்டர் என் பக்கத்தில் நின்றார். என் கை நடுங்குவதைப் பார்த்த ஜனம் அடுத்த வரிசைக்கு நழுவிக்கொண்டே இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் மட்டும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் எல்லாருக்கும் போன வாரமே போட்டாயிற்றாம். இவர் மட்டும் வாய்தா கேட்டுத் தள்ளிவைத்தாராம். சீட்டைப் பார்த்து அவர் பெயரை மூன்று தரம் அழைத்தேன். அவருக்கு ஒரு பெயர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஜர் என்றார். நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணை இறுக மூடியிருந்தார். இத்தனை சட்டம் பேசிய மனிதருக்கு ஊசி என்றால் இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கை நடுக்கம் நின்றுவிட்டது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டவாலி சொன்னார்: "போடுங்க சிஸ்டர்."