பற்பொடியால் ஆட்டம் கண்ட உத்தியோகம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவது.

இங்கே உயிரோடு இருக்கிறோம். உங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் இத்தனைக்கும் காரணம் நீங்கள் அவளுக்கு அனுப்பிய அந்த ‘வீட்டிலேயே பற்பொடி’ வீடியோ என்பதால் இம்முறை மனம் வரவில்லை.

கடை பேஸ்ட் போட்டால் அவளுக்கு வாய்ப்புண் வருகிறது, வாஸ்தவம். அவள் மட்டும் பொடி போட்டிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? வீட்டிலிருந்த பேஸ்டை எல்லாம் குப்பையில் வீசிவிட்டு, கரியை இடித்து உப்பும் கிராம்பும் சேர்த்து என் கையில் கொட்டினாள். “கண்ணை மூடிட்டுத் தேய்ங்க, பளிச்சுன்னு ஆயிடும்” என்றாள். மூடிக்கொண்டே தேய்த்து, கண்ணாடி பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டேன். நான் இருப்பது பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் எனக்குச் சம்பளம். சிரித்தேன். முதலில் வந்த அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார்.

கரி வேண்டாம் தாயே என்று கும்பிட்டேன். சரியென்று தேங்காய் எண்ணெயில் சோடா மாவைக் குழைத்தாள். அன்றைக்குப் பார்த்துக் குளிர். துப்பியதெல்லாம் உறைந்து வாஷ்பேசின் குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்த பிளம்பர் என்னை முறைத்துவிட்டு, அலமாரியில் மிச்சமிருந்த கரிப்பொடியைக் காட்டி உங்கள் தங்கையிடம், “அந்தப் பொடி கொஞ்சம் குடுங்கக்கா, ஈறு வீங்கியிருக்கு” என்று ஒரு டப்பா வாங்கிப் போனார். அவ்வளவுதான், அவளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

நேற்று எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் சும்மா வந்தாளா? பை நிறைய டப்பா! கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வந்த தையல்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வாயைத் தொறங்கண்ணே” என்று பொடியை அப்பிவிட்டாள். கிராம்புக் காரத்தில் வலி மரத்துப்போய், “அட, வலியே தெரியலம்மா!” என்று மனிதர் எழுந்து நடையைக் கட்டிவிட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும், ஆளுக்கொரு டப்பாவோடு. ஊசியும் கையுமாக வெளியே வந்த டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க எங்கிட்ட வேலை பாக்குறீங்களா, உங்க வீட்டம்மாகிட்டயா? நாளைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து, “பொடி வேணுமா, நான் வேணுமா?” என்று கத்தினேன். மைத்துனரே, அவள் யோசித்தாள்! யோசித்துவிட்டு, “பொடி எங்கிட்ட கத்துறதில்லையே” என்கிறாள்.

நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். கிடைத்த வண்டியில் ஏறி வந்து, அவளை அழைத்துப் போங்கள். இல்லையேல் என்னையாவது அழைத்துப் போங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் பல்லும் சொல்லும் கெட்டியாக நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
ஈறும் வயிறும் எரியும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரின் மனைவி வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நடுங்கினேன். அவரோ கதவைச் சாத்திவிட்டு, “எனக்கும் கடை பேஸ்ட் ஒத்துக்கல. மாசாமாசம் ஒரு டப்பா குடுத்துடுங்க. அவர் காதுக்கு மட்டும் போகக் கூடாது. உங்க வேலைக்கு நான் பொறுப்பு” என்றார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், வரவும் வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் கிராம்பு ஒரு கிலோ வாங்கி வாருங்கள். நல்ல உலக்கை ஒன்றும் வேண்டும். இடிக்கிற பொறுப்பை உங்கள் தங்கை என்னிடம் கொடுத்துவிட்டாள்.