நெடுஞ்சாலையில் நான் பயிரிட்ட நெல்

பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் பெங்களூர் நெடுஞ்சாலை முழுவதும் நெல் பயிரிட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நாற்று நடவில்லை, உரம் போடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பாய்ச்சவில்லை. ஆனாலும் விளைச்சல் வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. டோல்கேட்டில் அமோக விளைச்சல். (சிரிக்காதீர்கள். இதற்காக நான் இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்திருக்கிறேன்.)

முதலில் நான் படித்த படிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எது வயல், எது ஏரி, எது கட்டடம் என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து பிரித்து மேப் வரைய வேண்டும். பிறகு, இந்த நிலமெல்லாம் இப்படியே மாறிக்கொண்டு போனால் இருபது வருடம் கழித்து இங்கே வெயில் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரிடம் கணக்குக் கேட்க வேண்டும். இதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அம்மா அக்கம்பக்கத்தில், "மழை வருமான்னு சொல்ற படிப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் எங்கள் தெருவில் வடாம் காயப்போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள்.

கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. இது வயல், இது வயல் என்று கொஞ்சம் இடங்களை நாம் காட்டிக்கொடுத்தால், அதே மாதிரி இருக்கும் மற்ற இடங்களை அது கண்டுபிடித்துக்கொள்ளும். ஏரியையும் கட்டடத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படத்தில் குறித்துவிடலாம். வயலில்தான் தகராறு. புல், புதர், பயிர் எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. ஆகவே நேரில் போய், வயலின் நடுவில் நின்று, கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். அது அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். என் வழிகாட்டிப் பேராசிரியை (நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம்) கருவியைக் கையில் கொடுக்கும்போதே "நடுவுல நிக்கணும்" என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

முதல் நாள் குத்தம்பாக்கம் பக்கம் போனேன். புதுச் செருப்பு வேறு. வரப்பில் பத்தடி நடந்ததும் வலது கால் சேற்றுக்குள் இறங்கியது. காலை இழுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு நாய் வந்தது. அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் விளையாட்டுக் கோட்டாவிலேயே ஏதாவது வேலை கிடைத்திருக்கும். மொத்தத்தில் ஒரு வயலைக்கூடக் குறிக்காமல், ஒற்றைச் செருப்போடு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா அப்போதுதான் டியூட்டி முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் டவுன் பஸ் டிரைவர். மதுரவாயல் பாலத்தில் ஏறி இறங்கி, பூந்தமல்லி, நசரத்பேட்டை எல்லாம் தாண்டி மேற்கே போகிற ரூட்.

"இன்னா மா இது, ஒரு கால்ல தான் செருப்பு கீது?"

அழுதுகொண்டே சொன்னேன். அப்பா தட்டில் கை கழுவிவிட்டு யோசித்தார்.

"இதுக்கா அழுவுற? நம்ம வண்டில வந்து என் பின்னாடி ஜன்னலாண்ட குந்து. வயலு வர்சொல்ல நா ஸ்லோ பண்றேன். நீ பாட்டுக்கு அமுக்கு."

நான்கு நாட்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு நான் கள ஆய்வு செய்தேன். வயல் நெருங்கும்போதே அப்பா குரல் கொடுப்பார். "பாப்பா, ரைட்ல பயிரு வர்து, ரெடியா இரு!" பஸ் ஊர்ந்து போகும். நான் அழுத்துவேன்.

"இன்னா டிரைவரே, வண்டில மாட்டக் கட்டிகினா ஓட்ற?" என்று ஓர் அம்மா கத்தினார்.

"கம்முனு குந்து யக்கா, ரிசர்ச்சு நடக்குது" என்றார் கண்டக்டர். அதற்குப் பிறகு பஸ்ஸே எனக்காக வயல் தேட ஆரம்பித்துவிட்டது. கூடைக்காரப் பெண்கள் இருவர் நான் கவனிக்காத இரண்டு வயல்களைக் கைநீட்டிக் காட்டினார்கள். அறுபது வயல்கள். ஒரு துளி சேறு என் மேல் படவில்லை.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அந்தக் கருவி நான் பார்க்கிற இடத்தைக் குறிக்காது, நான் இருக்கிற இடத்தைத்தான் குறிக்கும். வயலைப் பார்த்தது என் கண். நான் இருந்தது பஸ்ஸில். பஸ் இருந்தது தார் ரோட்டில். இடம் இடமாகத் தார் ரோட்டைக் காட்டி, இதுதான் நெல் வயல், நன்றாகப் பார்த்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது நல்ல பிள்ளை. எங்கெல்லாம் ரோடு இருந்ததோ அங்கெல்லாம் நெல் என்று எழுதிக்கொடுத்தது.

சரிபார்க்காமலா விட்டாய் என்பீர்கள். சரிபார்த்தேன். அறுபதில் பதினைந்தை இதற்கென்றே தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவையும் பஸ்ஸில் எடுத்தவைதானே? நூற்றுக்கு நூறு வந்தது.

ரோடு அகலமாக அகலமாக என் மேப்பில் வயல் பெருகியது. வயல் பெருகினால் ஈரம், ஈரம் இருந்தால் குளிர்ச்சி. இருபது வருடத்தில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் ஜில்லென்று ஆகிவிடும் என்று கணக்கு சொன்னது. அந்த மேப்பைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதத்தில் அம்மா ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருப்பாள். அவளுக்கு வயதாகும்போது இந்தத் தெருவில் நல்ல காற்று வீசும் என்று ஒரு மேப் சொல்கிறது, அதை வரைந்தது நான். சந்தேகப்பட மனம் வரவில்லை. சோம்பேறித்தனத்தால் தப்பு செய்தேன் என்பது பாதி உண்மைதான். அது நிஜமாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது மீதி.

இந்த முடிவை வைத்துத்தான் ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தேன். மூன்று வருடப் பதவி, அதில் ஒரு வருடம் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில். வாழ்க்கையில் நான் வேறு எதையும் அப்படி விரும்பியதில்லை. தேர்வுக்குழு முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. அந்த வரியை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டிய புத்திசாலி நான்தான். அப்பா உடனே டியூட்டியை மாற்றிக்கொண்டார்.

அன்று அப்பா தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இங்கிலீஷில் பேசினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. மேப்பைத் திரையில் போட்டேன். பச்சைப் பசேலென்று நீள நீளமாக, நேர்நேராக வயல்கள்.

குழுவில் வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார். "வயலெல்லாம் ஏன் ஒல்லியாக இருக்கிறது?"

"நிலம் துண்டு துண்டாகிவிட்டது சார்" என்றேன்.

"இந்த ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று அகலமாகிறதே?"

"அங்கே நீர்வளம் அதிகம் சார்." (அதுதான் டோல்கேட்.)

அவர் கையில் இருந்த லேசர் குச்சியின் சிவப்பு விளக்கைத் திரைமேல் மெல்ல நகர்த்தினார். திரையில் ஒரு மூலையில், நாலு இதழ் விரித்த பூ மாதிரி ஒரு வயல். அதன் மேல் விளக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "இது என்ன?"

அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. விவசாயிகளின் புது முயற்சி என்று ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். அப்போது கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், அது மதுரவாயல் பாலம் சார். பாப்பா டென்சன்ல பேர மறந்துட்ச்சி."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் தமிழுக்கு மாறினார். "நீங்க யாருங்க?"

"டிரைவர் சார். இது நம்ம ரூட்டு. டெய்லி அது மேல தான் ஏறி எறங்குறேன்."

"அப்படியா! வாங்க, முன்னாடி வந்து காட்டுங்க."

அப்பா வந்தார். சிவப்பு விளக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் நெல் வயல்களின் மேல் ஓட்ட ஆரம்பித்தார். "இத்தோ, இது பூந்தமல்லி சார். இது நசரத்பேட்டை, ஸ்டாப்பிங்குல எப்பவும் கும்பலு, நின்னு தான் போவணும். அப்பால நேரா வுட்டா டோல்கேட்டு. இங்க எட்டு லைனு கீது, ஆனா ஒன்னுல தான் வண்டி நவுரும்." முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பட்டமளிப்பு விழாவில்கூட அந்த முகம் வரவில்லை.

வெளியே வராந்தாவில் மேடம் என்னைப் பிடித்தார். "புள்ளியெல்லாம் எங்க நின்னு எடுத்த?"

"பஸ்ல, மேடம்."

"பஸ்ல நின்னா?"

"இல்ல மேடம், உட்கார்ந்து. ஜன்னல் சீட்டு."

மேடம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐயப்பன்தாங்கல் தாண்டும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நா நல்லா சொன்னனா மா?"

"சூப்பரா சொன்ன பா."

"மூஞ்சப் பாத்தேன், நீ முழிக்கிறது தெர்ஞ்சிபோச்சி. பெத்தவன் வுட்ருவனா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை வேறொருவருக்குப் போனது. நான் மூன்று மாதம் ரப்பர் செருப்போடு வயல் வயலாக இறங்கி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். நாய்கள் பழகிவிட்டன. இந்தத் தடவை மேப் சரியாக வந்தது. அதில் எங்கள் தெரு வெயில் ஏறி ஏறி வருடத்துக்கு வருடம் சிவந்துகொண்டே போனது. பட்டம் கிடைத்தது. அந்தச் சரியான மேப்பை அம்மாவுக்கு நான் காட்டவில்லை. பழைய பச்சை மேப்பை அழிக்கவும் மனம் வரவில்லை, இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது.

இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். டெலிவரி வண்டிகளுக்கு வழி போட்டுக்கொடுக்கும் வேலை. ரோட்டை ரோடு என்று சரியாக அடையாளம் காண்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஏதாவது ஒரு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று கைநழுவிய அந்த வேலைக்கு மனசு இன்னும் ஏங்குகிறது. பன்னிரண்டு வருடம் ஆகியும் அது ஆறவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் புரொஃபசர். கல்யாண வீட்டில், "வாங்க புரொஃபசர், யுனிவர்சிட்டில லெக்சர் குடுத்தீங்களாமே" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக முழு லெக்சரையும் கொடுப்பார். என் வீட்டுக்காரர், தம்பி, அம்மா எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியாது. சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நா அவ்ளோ கரெக்டா சொல்லியும் ஏன் மா உனுக்கு வேல குடுக்கல?"

"அவங்களுக்கு வேற ரூட்ல ஆள் வேணுமாம் பா."

அப்பா அவர்களை ஒரு வாரம் திட்டினார்.

போன வாரம் அதே மாதிரி ஒரு பதவிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. வயது வரம்பில் எனக்கு இன்னும் ஆறு மாதம் மிச்சம். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தபோது அப்பா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் பேச்சு வெப்பாங்களா?"

"வெப்பாங்க பா."

"இந்த தபா நா பின்னாடி குந்த மாட்டேன். மொத வரிசைல குந்திக்கிறேன். உனுக்கு எது மறந்தாலும் என்னப் பாரு."

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் இன்னும் அனுப்பவில்லை. அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.