துண்டுகள் பார்த்த சூரிய உதயம்

ஒரு காட்டில் அங்காயி என்றொரு கரடி இருந்தாள். எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த வாரமே அங்கே போய் ரிசார்ட் கட்டிவிடுவீர்கள்.

அங்காயிக்கு ஒரே ஒரு ஆசை. கடலிலிருந்து சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டும். அவள் குகைக்குக் கிழக்கே பெரிய மலை. அதன்மேல் ஏறி இந்தப் பக்கம் சூரியன் தலைகாட்டுவதற்குள் பாதிக் காலை போய்விடும்.

"நமக்கு வர்றதெல்லாம் ஊர் பூரா சுத்திட்டு வாடி வதங்கி வர்ற சூரியன்ங்க. ஒரே ஒருதடவை புதுசாப் பார்க்கணும்" என்று புருஷன் சடையனிடம் புலம்புவாள்.

"சூரியன்ல என்னடி புதுசு பழசு?" என்பான் அவன். ரசனை கெட்ட ஜென்மம். அவனைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

அந்த வருஷம் காட்டில் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்து, முத்தலைப்பட்டினம் என்ற கடற்கரை நகரத்துக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். தலைமை, யானை வரதப்பன். காட்டு நலச் சங்கத் தலைவர். வழிகாட்டி, சவரி என்ற கொக்கு. ஒரு காலில் நின்றுகொண்டு இன்னொரு காலில் கொடி பிடிப்பான். வேன் வந்து நிற்பதற்கு முன்பே சடையன் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி ஒரு சீட்டைப் பிடித்துவிட்டான். பிடித்தவன், கடைசிவரை அந்தத் துண்டை எடுக்கவே இல்லை. எடுத்தால் மான் உட்கார்ந்துவிடுமாம்.

முத்தலைப்பட்டினம் அழகான ஊர்தான், பொய் சொல்லக் கூடாது. எந்தத் தெருவில் நின்றாலும் கோடியில் நீலமாகக் கடல் தெரியும். ஆனால் சவரியின் கொடி மட்டும் எப்போதும் எதிர்ப்பக்கமே காட்டும். முதலில் சங்குக் கடை. அப்புறம் முந்திரிக் கடை. அப்புறம் முத்துமாலைக் கடை. அதை முடித்துவிட்டு, சங்குக் கடைக்காரரின் தம்பி வைத்திருந்த இன்னொரு சங்குக் கடை. படகுத்துறையில் எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டிப் போட்டோ எடுத்தார்கள். எடுத்த கையோடு சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். படகு இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

மீன் காட்சிசாலையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த ஒரு கிழட்டு மீன் அங்காயியைக் கூப்பிட்டது. "ஏம்மா, வெளியூரா? கடலைப் பார்த்தியா? எப்படி இருக்கு?"

"நானும் இன்னும் கண்ணாரப் பார்க்கலைங்க" என்றாள் அங்காயி.

சாயங்காலம் சவரி கொடியை ஆட்டினான். "நாளைக் காலையில சூரிய உதயம்! அது முடிஞ்சதும் வேன் கிளம்பிடும். இடம் வேணுங்கறவங்க இப்பவே பிடிச்சுக்கலாம்!"

அவ்வளவுதான். மான், முயல், குரங்கு என்று எல்லாரும் விழுந்தடித்து மணலில் துண்டு விரித்தார்கள். கரையில் கால் வைக்க இடமில்லை. அங்காயி வேனுக்கு ஓடினாள்.

"ஏங்க, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க."

"நல்லாருக்கே! சீட்டு போயிடுமே!"

"வேன்ல நீங்கதானேங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் உட்கார்ந்தா போதுமா? துண்டு கிடக்கணும்ல?" என்றான் சடையன், உட்கார்ந்தபடியே.

விடியற்காலையில் அங்காயி வெறுங்கையோடு கடற்கரைக்குப் போனாள். அங்கே ஒரு ஆள் கிடையாது, துண்டுகள் மட்டும் வரிசையாகக் கடலைப் பார்த்தபடி கிடந்தன. துண்டு போட்டாகிவிட்டதே என்ற நிம்மதியில் மொத்தக் கூட்டமும், காலைத் தள்ளுபடி என்று சவரி சொன்ன பாசிமணிக் கடைக்குப் போய்விட்டது. காவலுக்கு ஒரு நண்டு, வாயில் விசிலோடு குறுக்கே வந்து நின்றது.

"துண்டு இருக்காம்மா?"

"இல்லைய்யா. நானே நேர்ல வந்திருக்கேனே!"

"நேர்ல வந்தா செல்லாது. துண்டு வந்திருக்கணும்."

"இங்கே யாருமே இல்லையேய்யா!"

"யாரும்மா இல்லைன்னது? ஹவுஸ்ஃபுல்!" என்று விசில் ஊதி அவளைச் சாலைவரை விரட்டியது நண்டு.

அங்காயிக்கு அழுகை முட்டியது. கிழக்கே வெளுத்துக்கொண்டே வருகிறது. இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது. நண்டு அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஓடிப்போய், முன்வரிசைக்கும் முன்னால் ஈர மணலில் தொபீரென்று குப்புற விழுந்தாள். நான்கு காலையும் பரப்பி, வயிற்றை எக்கி, தட்டையாகப் படுத்துக்கொண்டாள்.

நண்டு வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "அடேயப்பா, கம்பளியே போட்டிருக்காங்க. யாரோ பெரிய இடம்!" என்று கொடுக்கைத் தூக்கி ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனது.

அப்போதுதான் கடலின் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அதே நேரம் வரதப்பனும் வந்து சேர்ந்தார். "நமக்குன்னு யாரோ கம்பளி விரிச்சிருக்காங்கப்பா, பாசக்காரப் பசங்க!" என்று மனசு நெகிழ்ந்து, அங்காயியின் முதுகில் மொத்தமாக உட்கார்ந்தார்.

ஐயோ பாவம்! எலும்பெல்லாம் நொறுங்கினாற்போல் ஒரு வலி. கத்தினால் நண்டு விரட்டிவிடும். அங்காயி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் அகலத் திறந்தாள். சூரியன் வந்தது. முழுசாக, ஈரமாக, யாரும் தொடாத சூரியன். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வரதப்பன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் பாசிமணியோடு வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அருமையான உதயம்" என்று பேசிக்கொண்டே வேன் ஏறினார்கள். வரதப்பன் மட்டும் சும்மா போகவில்லை. "நல்ல கம்பளி, விட்டுட்டுப் போக மனசு வரல" என்று அங்காயியை நாலாக மடித்து, வேன் கூரையில் மூட்டைகளோடு கட்டிவிட்டார்.

வேன் கடலோரமாகவே போனது. உள்ளே எல்லாரும் வெயில் படுகிறதென்று திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். சடையன் மட்டும் விழித்து, ஜன்னலில் தலையை நீட்டி, "அங்காயி! எங்கடி போயிட்டே?" என்று கதறினான்.

"ஷ்ஷ்! சும்மா கிடங்க" என்றது மேலிருந்து ஒரு குரல். "பேச்சு கேட்டா உள்ளே உட்கார வெச்சிடுவாங்க."

நீதி: ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர் பயணியாகப் போகக் கூடாது, மூட்டையாகப் போக வேண்டும்.